மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடும்

“இங்க முன்னயெல்லாம் ரயில் ஓடும் தம்பி. இந்தா, இந்த ஆத்தோரமாத்தான் போகும். தேயிலைப் பெட்டிகளை ஏத்திக்கிட்டு டாப் ஸ்டேஷன் வரைக்கும் போகும்.”

மூணாறு கடைவீதியில் ஒரு டீக்கடை வாசலில் நின்று ஒரு பெரியவர் இதைச் சொன்னார். ஆடி மாதத்துச் சாரல் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. மூணாறில் ரயில் இல்லாமல் போய் நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1924 ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. பிறகு யாரும் அதை மீண்டும் போடவில்லை. ஆனால் பெரியவர் சொன்ன ‘ஓடும்’, ‘போகும்’ இரண்டும் நம் பள்ளிக்கூட இலக்கணப்படி எதிர்கால வினைமுற்றுகள். “நாளைக்கு மழை பெய்யும்” என்கிறோமே, அதே ‘உம்’. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் அதில் குழப்பமில்லை. நாளை ரயில் வரப்போகிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை. பாலக்காட்டில் தொடங்கிய பயணத்தில் நான் காதைத் தீட்டிக்கொண்டு தேடி வந்தது இந்த ‘ஓடும்’ போன்ற சொற்களைத்தான்.

நான் கோவையில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் திணறி நிற்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ‘கான்தோ’ என்றால் பாடினார்: தொடங்கினார், முடித்தார், விஷயம் அவ்வளவுதான். ‘கான்தாபா’ என்றால் அந்தக் காலத்தில் அவர் பாடுகிறவராக இருந்தார், அல்லது நாம் பேசுகிற அந்த நேரத்தில் பாடிக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினார், எப்போது நிறுத்தினார் என்பது பேச்சிலேயே வராது. ஸ்பானிஷுக்கு 1492இல் இலக்கணம் எழுதிய அந்தோனியோ தே நெப்ரிஹா முதலாவதை முடிந்த இறந்தகாலம் என்றும் இரண்டாவதை முடியாத இறந்தகாலம் என்றும் பிரித்தார். முடிந்ததைத்தானே இறந்தகாலம் என்கிறோம், அது எப்படி முடியாததாக இருக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். பாடப் புத்தகங்களோ ஆங்கிலம் வழியாக வருகின்றன. ஆங்கிலத்தின் ‘சேங்’ இரண்டு வேலையையும் ஒன்றாகவே செய்துவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பானிஷுக்குள் போகிறவருக்கு எந்த இடத்தில் எது என்று பிடிபடுவதில்லை.

தமிழில் இந்தப் பிரிவு பேச்சுவழக்கில் தெளிவாக இருக்கிறது என்பது வகுப்பறையிலேயே எனக்குத் தென்பட்டது. அதைப் பேச்சாகவே கேட்க வேண்டும், அதுவும் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் நடமாடும் இடத்தில் கேட்க வேண்டும் என்று ஆசை. ஆடி விடுமுறையில் வாளையாறு வழியாகக் கிளம்பினேன்.

வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விலகி வழிவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். கோவைக்காரர்களுக்கு ஆடிக்காற்று அனுப்பும் வாசல் அதுதான். வாளையாறு தாண்டியதும் பனைமரங்களின் தலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. காற்று மட்டுமல்ல, இரண்டு பக்கத்து மக்களும் மாடும் நெல்லும் பாட்டும் பல நூற்றாண்டுகளாக இந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம், இன்றும் கடை வாசலில் தமிழ்ப் பேச்சு சகஜமாகக் கேட்கும்.

முதலில் போனது கோட்டாயி பக்கத்தில் இருக்கும் செம்பை கிராமத்துக்கு. கர்நாடக சங்கீத வித்வான் செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர். வயலும் குளமும் தாண்டி ஒரு சின்ன அக்கிரகாரம், பார்த்தசாரதி கோவில். ஸ்பானிஷ் வகுப்பில் ‘பாடு’ என்ற வினையைத்தான் நான் முதல் உதாரணமாக எடுப்பேன். அந்த வினைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமாவிடம் பாகவதரைப் பற்றிக் கேட்டேன்.

“ஏகாதசின்னா குருவாயூர் போயிடுவார். அங்க பாடுவார். நாங்கள்லாம் குழந்தைகள், பின்னாடியே ஓடுவோம். யார் வந்து கேட்டாலும் பாடுவார், சின்னக் கோவில், பெரிய கோவில்னு பாக்க மாட்டார். கடைசியா ஒத்தப்பாலத்துல பாடினார். கச்சேரி முடிஞ்சுது. அன்னிக்கே போயிட்டார்.”

1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலம் அருகே பூழிக்குன்னு கிருஷ்ணன் கோவிலில் பாடி முடித்த பாகவதர் அன்றே காலமானார் என்பது வரலாறு. மாமா அதை என்னிடம் சொன்ன விதத்தைக் கவனியுங்கள். போயிடுவார், பாடுவார், ஓடுவோம், பாக்க மாட்டார்: எல்லாம் எதிர்கால உருவங்கள், எல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விஷயங்கள். அப்புறம் ‘கடைசியா’ என்ற சொல் வந்தது. அந்தச் சொல் வந்த உடனே பாடினார், முடிஞ்சுது, போயிட்டார். மாமா ஸ்பானிஷ் பேசுகிறவராக இருந்திருந்தால் முன்பாதி முழுக்க ‘கான்தாபா’ என்றும், ‘கடைசியா’ வந்த பிறகு ‘கான்தோ’ என்றும் சொல்லியிருப்பார். ஒரு இடத்தில்கூட மாறாது. எந்த இலக்கணப் புத்தகமும் பார்க்காமல், யோசிக்காமல், காற்றில் விசிறியை அசைத்துக்கொண்டே அவர் அதைச் செய்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அங்கிருந்து சித்தூர். சோகநாசினி ஆற்றங்கரையில் மலையாளக் கவி துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் குருமடம் இருக்கிறது. நம் ஆடி கேரளத்தில் கர்க்கடக மாதம். அந்த மாதம் முழுவதும் வீடுதோறும் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை விளக்கேற்றி வைத்து வாசிப்பார்கள். சாயங்காலம் தெருவில் நடந்தபோது ஒரு வீட்டிலிருந்து ஒரு அம்மாவின் குரல். நின்று கேட்டேன். மலையாளம்தான். ஆனால் இடையிடையே ‘சொன்னான்’, ‘வந்தான்’ மாதிரி ஆன், ஆள் விகுதியோடு முடியும் வினைகள் காதில் விழுந்தன. இன்றைய மலையாளத்தில் அவை கிடையாது. அவன் வந்தாலும், அவள் வந்தாலும், நான் வந்தாலும், எல்லோரும் வந்தாலும் ‘வந்நு’ ஒன்றே. பதினாறாம் நூற்றாண்டுக் கவிதையில் பழைய விகுதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கர்க்கடகம் வந்தால் சித்தூர் வீடுகளில் அவை ஒரு மாதம் வாய்விட்டு ஒலிக்கின்றன. வாசலுக்கு வெளியே வந்து அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசினால் ‘வந்நு’தான்.

தமிழிலிருந்து மலையாளம் எந்தெந்த வழிகளில் வேறுபட்டது என்று ஏ. ஆர். ராஜராஜ வர்மா கேரள பாணினீயத்தில் ஆறு நெறிகளாக வகுத்தார். அதில் ஒன்று புருஷபேத நிராசம், அதாவது தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாடு வினையிலிருந்து கழன்றுபோனது. 1896இல் வந்த நூல், இன்றும் அதை ஒதுக்கிவிட்டு மலையாள இலக்கணம் பேச முடியாது. யார் செய்தார் என்பதைக் கைவிட்ட மலையாளம், எப்படிப்பட்ட கடந்தகாலம் என்பதை விடவில்லை. அதற்கென்று பல உருவங்களை வைத்திருக்கிறது. வருமாயிருந்நு, வராறுண்டாயிருந்நு, வந்நிருந்நு.

இந்த மூன்றாவதில் தமிழன் கவனமாக இருக்க வேண்டும். சித்தூரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆற்றைக் காட்டி, “அச்சன் திவசவும் இவிடெ வந்நிருந்நு” என்றார். என் தமிழ்க் காது அதை ‘வந்திருந்தார்’ என்று வாங்கிக்கொண்டது. ‘தினமும் வந்திருந்தார்’ என்று தமிழில் சொன்னால் எங்கோ இடிக்கும். நாம் ‘வந்திருந்தார்’ என்பது, வேறொன்று நடப்பதற்கு முன்பே அவர் வந்தாயிற்று என்பதற்கு. மலையாளத்தில் அதே உருவம் ‘தினமும் வருவார்’ என்ற பொருளையும் தரும். “மாஷே, தினமும் வருவாரா?” என்று கேட்டேன். “அதே, தினமும் வருவார்” என்று எனக்காகத் தமிழில் சொல்லிச் சிரித்தார். ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு மொழிகள் ஒரே துணைவினையைக் கையில் எடுத்து, பழக்கத்தையும் சொல்ல ஒன்றும், முன்னமே நடந்து முடிந்ததை மட்டும் சொல்ல இன்னொன்றுமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு இது மலையைவிடப் பெரிய அதிசயமாகப் பட்டது.

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலைக்கு நேர்வழி இல்லை. பொள்ளாச்சி, உடுமலை சுற்றி, அமராவதி தாண்டி, சின்னார் சோதனைச் சாவடி வழியாக ஏற வேண்டும். மேற்கே எல்லாம் மழை கொட்டும்போது சின்னார்க் காடு மட்டும் முள்ளும் காய்ந்த புல்லுமாக நிற்கிறது. மலையின் மழைமறைவுப் பக்கம் அது. பேருந்தில் உடுமலைச் சந்தைக்குப் போய்த் திரும்பும் மறையூர்க்காரர்கள். இறங்கும்போது நடத்துநரிடம் மலையாளத்தில் பேசியவர், பக்கத்து இருக்கைக்காரரிடம் அடுத்த நொடியே தமிழுக்கு மாறினார்.

மறையூர், காந்தளூர் உள்ளிட்ட ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தமிழ் பேசும் பழைய ஊர்கள். பாறை மேட்டில் பெருங்கற்காலத்துக் கல்லறைகள், ஊரார் அவற்றை முனியறை என்கிறார்கள். கம்பி வேலிக்குள் காவலோடு நிற்கும் சந்தனக்காடு. அதற்குக் கீழே கரும்பு வயல். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஒரு வெல்ல ஆலைக்குள் போய் உட்கார்ந்தேன். ஓலை வேய்ந்த கொட்டகை. கரும்புச் சக்கையையே எரித்து, பெரிய கொப்பரையில் சாறு கொதிக்கிறது. நுரை பொங்கிப் பொங்கி அடங்குகிறது. ஒருவர் நீளமான கரண்டியால் அழுக்கை வழித்து எறிகிறார். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றித் துழாவுகிறார்கள். சூடு ஆறுவதற்குள் கையில் அள்ளி உருண்டை பிடிக்க வேண்டும். மறையூர் வெல்லத்துக்கு அச்சு இல்லை. உள்ளங்கைதான் அச்சு. ஒவ்வொரு உருண்டையிலும் பிடித்தவரின் விரல் பதிந்த பள்ளம் தெரிகிறது. உருண்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் முன்பெல்லாம் எப்படி என்று கேட்டேன்.

“அப்பல்லாம் மாடுதான் தம்பி ஆலையச் சுத்தும். மாமனாரு கோழி கூப்புடறதுக்கு முன்ன எந்திரிச்சு மாடு பூட்டுவாரு. நான் அடுப்பப் பத்த வப்பேன். புள்ளைகள்லாம் சாறு குடிக்க வந்து வரிசையா நிக்கும். ஒரு வருசம் மோட்டார் வந்துச்சு. மாட்ட வித்துட்டோம். மாமனாரு அழுதுட்டாரு.”

சுத்தும், பூட்டுவாரு, வப்பேன், நிக்கும். பிறகு ‘ஒரு வருசம்’. பிறகு வந்துச்சு, வித்துட்டோம், அழுதுட்டாரு. செம்பையில் ‘கடைசியா’ செய்த வேலையை இங்கே ‘ஒரு வருசம்’ செய்தது. நாம் சின்ன வயதில் கேட்ட எல்லாக் கதைகளும் இப்படித்தான் நடந்தன. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். தினமும் வேட்டைக்குப் போவான். காட்டில் ஒரு மரத்தடியில் இளைப்பாறுவான். ஒரு நாள் அந்த மரத்தில் ஒரு கிளி பேசியது. ‘போவான்’ என்று கேட்டுக்கொண்டிருக்கும்வரை குழந்தை நிம்மதியாகப் படுத்திருக்கும். ‘ஒரு நாள்’ என்றதும் நிமிர்ந்து உட்காரும். ஸ்பானிஷ் பாட்டிகளும் இதே இடத்தில்தான் காலத்தை மாற்றுகிறார்கள். பின்னணி முழுக்க முடியாத இறந்தகாலம். நிகழ்ச்சி வந்து குதிக்கும்போது முடிந்த இறந்தகாலம்.

எல்லாம் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் ஒரே உருவத்தில் அடக்கும் இரண்டு பொருளைத் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. பழக்கம் என்றால் ‘உருட்டுவேன்’. அந்த நேரத்தில் கை வேலையில் இருந்தது என்றால் ‘உருட்டிக்கிட்டு இருந்தேன்’. “நான் உருட்டிக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் கரன்ட் போச்சு” என்றாள் பாட்டியின் மருமகள், முந்தின நாள் நடந்ததைப் பற்றி. கராகஸில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பேய்யோ 1847இல் எழுதிய இலக்கணத்தில் முடியாத இறந்தகாலத்துக்குப் பெயரையே மாற்றினார்: ‘கோப்ரெத்தேரிதோ’, இன்னொரு கடந்த நிகழ்ச்சியோடு கூடவே இருக்கும் கடந்தகாலம். தமிழில் உடனிகழ் இறந்தகாலம் என்று சொல்லலாம். கரன்ட் போனது, அதனோடு உடனிகழ்ந்தது வெல்லம் உருட்டல். தவிர, ‘ராஜா இருந்தான்’ என்பது போன்ற நிலைகளைச் சொல்ல ஸ்பானிஷ் பெரும்பாலும் முடியாத இறந்தகாலத்தையே எடுக்கும். தமிழ் அங்கே சாதாரண இறந்தகாலத்தோடு நின்றுவிடும். இந்த ஒன்றை மட்டும் மாணவர் தனியாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மறையூரிலிருந்து தேயிலைச் சரிவுகளின் ஊடே மூணாறு. டீக்கடைப் பெரியவர் சொன்ன ரயிலுக்கு வருகிறேன். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் முதலில் போடப்பட்டது ஒற்றைத் தண்டவாளப் பாதை. 1908இல் அதைக் குறுகிய இருப்புப் பாதையாக மாற்றினார்கள். மூணாற்றிலிருந்து தேயிலை டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடி, கடைசியில் தூத்துக்குடிக் கப்பல். 1924இல் வந்த வெள்ளத்தைக் கேரளம் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்’ என்கிறது. கொல்லம் ஆண்டு 1099, அதே கர்க்கடக மாதம். அன்றைய ரயில் நிலையக் கட்டடத்தில் இப்போது தேயிலைக் கம்பெனியின் அலுவலகம் நடக்கிறது.

இந்தப் பத்தியில் நான் எழுதிய வினைகளையே பாருங்கள். தேயிலை எப்படிப் போனது என்று சொல்லும்போது ‘போகும்’, ‘இறங்கும்’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஆண்டு போட்டால் அந்த உருவம் நிற்காது. ‘1908 முதல் 1924 வரை ரயில் ஓடும்’ என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். ‘செம்பை எழுபது வருஷம் பாடினார்’ என்போம், ‘எழுபது வருஷம் பாடுவார்’ என்றால் அது வரப்போகும் வருஷங்களாகிவிடும். தொடக்கமும் முடிவும் எண்ணிக்கையும் உள்ளே வந்துவிட்டால் எத்தனை நீளமான காலமானாலும் அது முடிந்த காலம். ஸ்பானிஷ் விதியும் இதுவே, எழுத்துக்கு எழுத்து இதுவே. நீண்ட நாள் நடந்தது என்பதற்காக முடியாத இறந்தகாலத்தைப் போட்டுவிடும் மாணவர்கள் ஏராளம். அளவு குறித்த காலமா, குறிக்காத காலமா என்பதுதான் கேள்வி. வரலாற்று ஆசிரியர் ‘ஓடியது’ என்பார். தாத்தா வாயிலாகக் கேட்டவர் ‘ஓடும்’ என்பார்.

“நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?” என்று டீக்கடைப் பெரியவரிடம் கேட்டேன்.

“நான் எங்க பாத்தேன்? எங்க தாத்தா சொல்லுவாரு. கூ…ன்னு சத்தம் போட்டுக்கிட்டு ஓடுமாம்.”

‘ஆம்’ ஒன்று ஒட்டிக்கொண்டது. பழக்கமாக நடந்தது, ஆனால் என் கண்ணால் கண்டதல்ல. இரண்டையும் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஸ்பானிஷில் இதற்கு ‘என்று சொல்கிறார்கள்’ என்று தனியாகச் சேர்க்க வேண்டும். இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களும் தம் முன்னோர் மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு மதுரையிலிருந்து மலையேறிய கதையை இந்த ‘ஆம்’ போட்டுத்தான் சொல்கிறார்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில் என் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். இராஜமலைப் பாதை வந்ததும் பேச்சு பெட்டிமுடிக்குப் போனது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். “அன்னிக்கு ராத்திரி எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கரன்ட் இல்ல, போன் இல்ல. காலைலதான் தெரிஞ்சுது” என்றார் அக்கா.

ஸ்பானிஷ் வகுப்பில் மிகக் கடினமான பாடம் ஒன்று இந்த வாக்கியங்களுக்குள் இருக்கிறது. அறிதல் என்ற வினையை முடியாத இறந்தகாலத்தில் சொன்னால் ‘சாபீயா’: தெரியும், தெரிந்த நிலையில் இருந்தேன். முடிந்த இறந்தகாலத்தில் சொன்னால் ‘சூபே’: அந்த நொடியில் தெரியவந்தது. ஆங்கிலம் வழியாகப் போனால் இதற்கு இரண்டு வெவ்வேறு வினைகள் வேண்டும். தமிழிலோ ‘தெரியும், தெரியாது’ ஒரு பக்கம், ‘தெரிஞ்சுது’ மறு பக்கம். மலையாளத்தில் ‘அறியாமாயிருந்நு’, ‘அறிஞ்ஞு’. மூன்று மொழியும் ஒரே இடத்தில் கோடு கிழிக்கின்றன.

அக்கா தன் தோழியைப் பற்றிச் சொன்னார். “லீவு நாள்னா எங்க வீட்டுக்கு வந்துருவா. ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து பேசுவோம். எனக்கு மீன் கொழம்பு கொண்டாருவா.” தமிழ் கற்க வந்த ஒரு வெளிநாட்டவர் இந்த மூன்று வாக்கியங்களை மட்டும் கேட்டால் அந்தத் தோழி அடுத்த விடுமுறைக்கு வருவாள் என்றே எடுத்துக்கொள்வார். ஜீப்பில் யாரும் பேசவில்லை. வகுப்பு உதாரணமாக இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நம் மொழியில் கடந்தகாலப் பழக்கத்துக்கும் வருங்காலத்துக்கும் ஒரே உருவம் இருப்பதன் கனத்தை அங்கேதான் உணர்ந்தேன்.

ஏன் ஒரே உருவம்? தொல்காப்பியர் வினையியலில் மூன்று காலத்துக்கும் பொதுவாக நடக்கும் இயற்கையைப் பொதுச்சொல்லால் சொல்ல வேண்டும் என்கிறார். உரைகாரர்கள் காட்டும் உதாரணம் ‘மலை நிற்கும்’. நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அந்த ‘உம்’முக்கு எதிர்காலம் ஒரு பகுதி வேலைதான். எப்போதும் நடப்பது, இயல்பாக நடப்பது என்பதே அதன் முழு வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் மட்டும் இப்படி இல்லை. ஆங்கிலத்திலும் ‘வுட்’ பழைய பழக்கத்தைச் சொல்லும். யாழ்ப்பாணத் தமிழர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ‘அப்பா சொல்லுவார்’ என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் ‘அப்பா சொல்லுறவர்’ என்பார்கள், கேட்க அவ்வளவு அழகாக இருக்கும்.

டாப் ஸ்டேஷன் காட்சிமுனைக்குப் போனபோது மேகம் விலகி, கீழே தமிழ்நாட்டுச் சமவெளி சிறிது நேரம் தெரிந்தது. எல்லைக்கோடு இங்கே ஒரு சோளப்பொரிக் கடைக்கும் இன்னொரு கடைக்கும் நடுவில் எங்கோ போகிறது. கடைக்காரர் சரிவைக் காட்டி, “இங்க பூரா குறிஞ்சி பூக்கும் சார், பன்னெண்டு வருசத்துக்கு ஒருதரம்” என்றார். “கடைசியா எப்பப் பூத்துச்சு?” “2018ல பூத்துச்சு. அந்த வருசமும் வெள்ளம்.” அடுத்து 2030. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் என்றாலும் வழக்கம் என்றால் ‘பூக்கும்’. ஆண்டு சொன்னால் ‘பூத்துச்சு’.

ஸ்பானிஷ் மட்டுமல்ல, பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இதே இரட்டை இறந்தகாலம் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்; அவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய் இதே இடத்தில் இடறுகிறார்கள். இம்மொழிகளைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பழைய காலத்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் முதல் நாள் பாடப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ “அப்பல்லாம் எப்படி இருக்கும்?” என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். ‘வருவாரு’, ‘போவாங்க’ எங்கே வருகிறது, ‘வந்தாரு’, ‘போனாங்க’ எங்கே மாறுகிறது என்று பிள்ளைகளையே அடிக்கோடு போடச் சொல்லுங்கள். பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.